இரண்டாவது சேலைக்கும் 8 வெள்ளியா?

எடைத்தட்டு: வாசகர் கேள்வி பதில்
பதில் எழுதுபவர்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தபால் ஊழியர்

தீபாவளி நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். இணையத்தில் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரே சண்டையை இரண்டு முனைகளில் நின்று எழுதியிருக்கிறார்கள். பல பொருள்களை ஒரே பார்சலாக அனுப்பும்போது தபால் செலவை எப்படிப் போடுவது என்பதுதான் அந்தச் சண்டை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கீழே எல்லா இடங்களிலும் முதல் கிலோவுக்கு 8 வெள்ளி (ரிங்கிட்), அடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 2 வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். இது எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் அல்ல. உங்கள் ஊர்க் கவுண்டரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் தோட்டத்து வீட்டிலிருந்தே இரவில் முகநூல் நேரலையில் சேலை விற்கிறேன். கூலிமில் இருக்கும் ஓர் அக்காள் திங்கள் ஒன்று, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று என மூன்று பருத்திச் சேலைகள் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் தபால் செலவு 8 வெள்ளி வாங்கினேன். சனிக்கிழமை மூன்றையும் ஒரே பையில் அனுப்பினேன். பை மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, ‘என்னை ஏமாற்றிவிட்டாய்’ என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிட்டார். நான் செய்தது தவறா? (வாசகி, லிந்தாங்)

பதில்: தவறுதான் அம்மா. ஆனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கணக்குப் பார்ப்போம். பருத்திச் சேலை ஒன்று 450 கிராம் என்றால் மூன்றும் சேர்ந்து 1,350 கிராம். பையும் ஒட்டுநாடாவும் சேர்த்து 1,400. தராசு அதை 2 கிலோவாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆக, கவுண்டரில் நீங்கள் கட்டியது 10 வெள்ளி, அந்த அக்காளிடம் வாங்கியது 24 வெள்ளி. நடுவில் நிற்கிற 14 வெள்ளி யாருடையது என்பதுதான் அவருடைய கோபம். ‘தபால் செலவு’ என்று பெயர் சொல்லி வாங்கிய பணம் தபாலுக்குப் போகாவிட்டால், அது கொடுத்தவருக்குத்தான் திரும்ப வேண்டும்.

நீங்கள் அடுத்து என்ன சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பை வாங்கினேன், ஒட்டுநாடா வாங்கினேன், லிந்தாங்கிலிருந்து பட்டணத்துக்கு மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் போட்டு வந்தேன், இதற்கெல்லாம் கூலி இல்லையா? உண்டு. அதைச் சேலை விலையில் ஏற்றுங்கள். அல்லது ‘கட்டும் கூலி பார்சலுக்கு 1 வெள்ளி’ என்று தனியாக எழுதிப் போடுங்கள். பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு வெள்ளிக்கு நம் மக்கள் முகம் சுளிப்பதில்லை. தபால் செலவுக்குள் ஒளித்து வைத்த ஒரு வெள்ளிக்குத்தான் ஊரைக் கூட்டுகிறார்கள். 2012ஆம் ஆண்டின் மின்னணு வர்த்தகப் பயனீட்டாளர் விதிமுறைகளே, அனுப்பும் செலவு உட்பட முழு விலையையும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டன. நேரலையில் சேலையை விரித்துக் காட்டும்போதே தபால் கணக்கையும் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

முதல் சேலைக்கு 8 வெள்ளி ஆகிறதென்றால் அதில் பெரும்பங்கு சேலையின் எடைக்கானது அன்று. பார்சலை வாங்கிப் பதிவு செய்து, சீட்டு ஒட்டி, லாரியில் ஏற்றி, இன்னொரு ஊரில் ஒருவர் வீட்டு வாசல் வரை கொண்டுபோய்க் கொடுப்பதற்கானது. அந்த வேலை ஒரு பார்சலுக்கு ஒரு தடவைதான் நடக்கிறது. இரண்டாவது சேலை அதே பைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு உண்டாகும் செலவு கூடுதல் எடை மட்டுமே. இது புதிய ஞானமும் இல்லை. இங்கிலாந்தில் 1840க்கு முன்பு கடிதத்துக்குத் தூரத்தைப் பார்த்தும் தாளை எண்ணியும் காசு வாங்கினார்கள். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு, உறை போட்டால் அதுவும் ஒரு தாள். காசை மிச்சப்படுத்த எழுதிய தாளையே திருப்பிப் பிடித்துக் குறுக்கே இன்னொரு முறை எழுதினார்கள். 1839 டிசம்பரில் அது எடைக்கு மாறியது, 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் வரை ஒரு பென்னி என்று ஆனது. நீங்கள் சேலையை எண்ணிக் காசு வாங்குவது, 1840க்கு முந்தைய வழக்கத்தைச் சுங்கை சிப்புட்டில் உயிர்ப்பிப்பதாகும்.

மூன்று இரவு மூன்று சேலை என்ற சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது. அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்குங்கள். சேலைக்கான பணம் அன்றன்றே வந்துவிட வேண்டும். பணம் வந்த சேலை மட்டும் வாங்கியவர் பெயர் எழுதிய பைக்குள் போக வேண்டும். தபால் செலவை மட்டும் கடைசியில், பையைத் தராசில் வைத்த பிறகு, ஒரே தடவையாகக் கேளுங்கள். காத்திருப்புக்கு ஓர் எல்லை வேண்டும். ‘ஞாயிறு இரவு மூடுகிறேன், திங்கள் அனுப்புகிறேன்’ என்பது போல. எல்லை வைக்காமல் ‘அக்காள் சொல்லும்போது அனுப்புகிறேன்’ என்று சொன்னவர்கள் வீட்டில், போன தீபாவளிச் சேலை இந்தத் தீபாவளிக்கும் பைக்குள்ளேயே கிடக்கிறது.

அந்த 14 வெள்ளியில் கட்டும் கூலிக்கு ஒரு வெள்ளி வைத்துக்கொண்டு 13 வெள்ளியை அக்காளுக்குத் திருப்பி அனுப்புங்கள். அனுப்பிய ரசீதை, அவர் எழுதிய அதே இடத்தில் போடுங்கள். விளக்கம் நீளமாக எழுத வேண்டாம்.

கேள்வி: நான் வாங்குகிற கடையில் எல்லாப் பொருளுக்கும் ‘தபால் இலவசம்’ என்று போட்டிருக்கிறது. நான்கு பொருள் எடுத்தேன். சேர்த்து அனுப்புவதால் விலையைக் குறைப்பீர்களா என்று கேட்டதற்கு, ‘இலவசத்தில் எதைக் குறைப்பது?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். (வாசகர், தெலுக் இந்தான்)

பதில்: கெட்டிக்காரர்கள். இலவசத் தபால் என்று ஒன்று கிடையாது தம்பி, விலைக்குள் போன தபால் என்றுதான் உண்டு. நான்கு பொருளின் விலைக்குள்ளும் நான்கு தபால் உட்கார்ந்திருக்கிறது. ‘தபாலைக் குறையுங்கள்’ என்று கேட்காமல், ‘நான்கு எடுக்கிறேன், மொத்தத்துக்கு என்ன விலை?’ என்று கேட்டுப் பாருங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. தபாலைத் தனியாகப் போடுகிற வேறு கடையில் அதே நான்கும் மொத்தமாக என்ன ஆகிறது என்று ஒப்பிட்டுவிட்டுப் பேசினால் உங்கள் பேச்சுக்குக் கனம் இருக்கும்.

கேள்வி: என் மனைவி முறுக்கு சுட்டு விற்கிறாள். ஜொகூர் பாருவில் ஒருவர் இரண்டு டின் கேட்டார். தனித்தனியாக அனுப்பினால் 24 வெள்ளி ஆகும், ஒரே பெட்டியில் போட்டால் மிச்சமாகும் என்று நினைத்து, சீனக்கடையில் சும்மா கிடைத்த பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் பழைய பேப்பர் திணித்துக் கொண்டுபோனேன். வீட்டுத் தராசில் மூன்று கிலோகூட இல்லை. கவுண்டரில் 30 வெள்ளி என்றார்கள். எப்படி? கூச்சிங்கிலிருந்து இன்னொருவர் முறுக்கோடு மாங்காய் ஊறுகாயும் சேர்த்துக் கேட்கிறார். அதற்கும் யோசனை சொல்லுங்கள். (வாசகர், சலாக்)

பதில்: அந்தச் சும்மா கிடைத்த பெட்டிதான் உங்கள் காசைத் தின்றது. கூரியர்காரர்கள் இரண்டு எடை பார்ப்பார்கள். ஒன்று தராசு காட்டும் எடை. இன்னொன்று பெட்டி அடைக்கிற இடத்தின் எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000ஆல் வகுத்தால் வருவது அந்த இரண்டாவது எடை. சில நிறுவனங்கள் 6000ஆல் வகுக்கும். எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். லாரியில் எடை ஏறுவதற்கு முன்பு இடம் தீர்ந்துவிடுகிறது, அதனால் இந்த ஏற்பாடு. பஞ்சுத் தலையணையும் முறுக்கும் இதில் நன்றாக மாட்டிக்கொள்ளும்.

உங்கள் பெட்டி 50க்கு 40க்கு 30 இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெருக்கினால் 60,000. 5000ஆல் வகுத்தால் 12 கிலோ. முதல் கிலோ 8, மீதி பதினொன்றுக்கு 22, மொத்தம் 30 வெள்ளி. நீங்கள் கட்டியதில் பெரும்பகுதி பழைய பேப்பருக்கும் காற்றுக்கும் போயிருக்கிறது. அதே டின்னுக்கு 22 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி போதும் என்றால், ஒரு டின்னின் இட எடை 2.13 கிலோ. அது 3 கிலோவாக ஏறி 12 வெள்ளி ஆகும். அப்படித்தான் தனித்தனியாக 24 வந்தது. இரண்டு டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 44க்கு 22க்கு 22 பெட்டியில் இறுக்கமாகக் கட்டியிருந்தால் 4.26 கிலோ, அதாவது 5 கிலோ, 16 வெள்ளி. ஒரே மாதிரி இரண்டு டின்கள் மூன்று விதமாகக் கட்டப்பட்டு 16, 24, 30 என்று ஆகின்றன.

ஆகவே, சேர்த்துக் கட்டினால் எப்போதும் மலிவு என்று நினைக்க வேண்டாம். கட்டுவதற்கு முன்னால் அளவுநாடாவை எடுங்கள். அளவு சரியில்லாத பெட்டியைக் கத்தியால் வெட்டி உயரத்தைக் குறைக்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. டின்னை விட்டுவிட்டு முறுக்கைத் தடித்த பிளாஸ்டிக் பையில் அடைத்துச் சிறிய பெட்டியில் வைத்தால் இடம் இன்னும் குறையும். ஆனால் வாடிக்கையாளர் கைக்கு முறுக்கு போகுமா, முறுக்குத் தூள் போகுமா என்பதை உங்கள் மனைவியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கூச்சிங் விஷயத்தில் ஊறுகாயைத் தனியாக வையுங்கள். சபா, சரவாக்குக்குப் போகும் கூரியர் பார்சல்கள் பெரும்பாலும் விமானத்தில் போகின்றன. எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், வாசனைத் திரவியம், பேட்டரி போன்றவற்றை எல்லா நிறுவனங்களும் விமானத்தில் ஏற்றுவதில்லை. முறுக்கோடு ஒரே பெட்டியில் வைத்து, சோதனையில் ஊறுகாய் மாட்டிக்கொண்டால் முறுக்கும் சேர்ந்து நிற்கும். ஊறுகாயை ஏற்கிறார்களா என்று கவுண்டரில் முதலில் கேளுங்கள். ஏற்கிறார்கள் என்றாலும் போத்தலின் மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் பை. கசிந்த ஊறுகாய் உங்கள் பெட்டியோடு நிற்பதில்லை. அடுத்தவர் அனுப்பிய கல்யாணச் சேலையிலும் மஞ்சள் பூசிவிடும். அந்தக் காட்சியைக் கவுண்டருக்கு உள்ளே நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஐந்து பேர் சேர்ந்து ஒரே கடையில் ஆர்டர் செய்து, ஒரே விலாசத்துக்கு வரவழைக்கிறோம். போன முறை நான்கு பேர் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தோம், ஆளுக்கு அரைக் கிலோ. ஒருவர் மட்டும் 3 கிலோ பிரஷர் குக்கர் எடுத்தார். தபால் 16 வெள்ளி. சமமாகப் பிரித்தால் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை, எடைப்படி பிரித்தால் குக்கர்காரருக்கு மனம் ஒப்பவில்லை. (வாசகி, பாடாங் செராய்)

பதில்: இந்த வாரக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விற்பவர் சேர்த்து அனுப்புவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். வாங்குகிறவர்களே சேர்ந்துகொள்வது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். பழைய நாள்களில் தோட்டத்துக் கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபிஸ் விலாசத்துக்கு மொத்தமாக வரும், கிராணி (தோட்ட எழுத்தர்) பிரித்துக் கொடுப்பார். நீங்கள் கிராணி இல்லாமலே அதைச் செய்கிறீர்கள்.

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 3.20. துணி எடுத்த நான்கு பேரும் குக்கர் இல்லாமல் ஆர்டர் செய்திருந்தால் 2 கிலோவுக்கு 10 வெள்ளி, ஆளுக்கு 2.50தான் ஆகியிருக்கும். சேர்ந்ததால் அவர்களுக்கு நட்டம் என்றால் அடுத்த முறை எதற்குச் சேர்வார்கள்? முழுக்க எடைப்படி பிரித்தால் குக்கருக்கு 9.60, துணிக்கு 1.60. பார்சலைப் பதிவு செய்து வாசல் வரை கொண்டுவரும் வேலை ஐந்து பேருக்கும் பொதுவாக நடந்திருக்க, அதில் பெரும்பங்கை ஒருவர் தலையில் கட்டுவது குக்கர்காரருக்கு நியாயமாகத் தோன்றாது.

முதல் கிலோவின் 8 வெள்ளியை ஐந்தாகப் பிரியுங்கள், ஆளுக்கு 1.60. அதற்கு மேல் ஏறிய 4 கிலோவுக்கு 8 வெள்ளி. துணிக்காரர்கள் மட்டும் வாங்கியிருந்தால் 1 கிலோதான் மேலே ஏறியிருக்கும். ஆகவே அதற்குரிய 2 வெள்ளியை அவர்கள் நால்வரும் ஆளுக்கு 50 காசாகப் பிரித்துக்கொள்ளட்டும், மீதி 6 வெள்ளி குக்கருக்கு. துணிக்கு 2.10, குக்கருக்கு 7.60. நான்கு 2.10 சேர்ந்தால் 8.40, அதோடு 7.60 சேர்ந்தால் 16 சரியாக வருகிறது. தனியாக வரவழைத்திருந்தால் குக்கர்காரர் 12 வெள்ளி கொடுத்திருப்பார். ஐந்து பேரில் ஒருவருக்கும் நட்டமில்லை. இதை ஒரு தாளில் எழுதி ஆர்டர் எடுக்கும் வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. விலாசம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் எல்லாப் பணத்தையும் முன்னதாக வாங்கிக்கொள்ள வேண்டும். பொருள் வந்த பிறகு ‘நிறம் பிடிக்கவில்லை’ என்று பின்வாங்குகிறவர் எல்லா லயத்திலும் ஒருவர் இருக்கிறார்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பாயும் புலி போட்ட பழைய மலாய் மாநிலத் தபால்தலைகளை ஈபேயில் விற்கிறேன். லண்டன்காரர் ஒருவர் ஆறு தலைகளைத் தனித்தனியாக எடுத்தார். ஆறு தபால் செலவு ஏறி நிற்கிறது. அவர் சேர்த்துத் தரச் சொல்கிறார். (வாசகர், கோலகங்சார்)

பதில்: ஆசிரியர் ஐயா, உங்கள் சரக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் வசதியானது. ஆறு தலை என்றாலும் ஒரே உறை, எடையில் வித்தியாசம் தெரியாது. பணம் கட்டுவதற்கு முன் அவரைக் காத்திருக்கச் சொல்லி, ஆறையும் சேர்த்து ஒரே விலைச்சீட்டை நீங்கள் ஈபே வழியாகவே அனுப்பலாம். அவர் பணம் கட்டிவிட்டிருந்தால் அதிகப்படியான தபால் செலவை அதே வழியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இனிமேல் ஒவ்வொரு முறையும் இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், விற்பனையாளர் அமைப்புகளில் சேர்த்து அனுப்பும் சலுகைக்கு விதி எழுதி வைக்கும் வசதி இருக்கிறது. முதல் பொருளுக்கு முழுக் கட்டணம், அடுத்த ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று ஒரு முறை எழுதிவிட்டால் போதும். உங்கள் பொருளுக்கு அந்த ‘இவ்வளவு’ பூஜ்யமாகவே இருக்கலாம். தபால்தலை சேர்ப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டால் உங்கள் பட்டியலை முழுக்கத் துழாவாமல் விட மாட்டார்கள். மிச்சமான பணத்தில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வையுங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவர் ஒவ்வொன்றும் 600 ரிங்கிட் விலையுள்ள பட்டுச் சேலைகள் மூன்றை ஒரே பார்சலில் அனுப்பச் சொல்கிறார். சேர்த்தே அனுப்பலாமா? (வாசகி, ஈப்போ)

பதில்: தபாலுக்கு மட்டும் பார்த்தால் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். இங்கே வேறு இரண்டு கணக்குகள் குறுக்கே வருகின்றன. தபாலிலோ விமானத்திலோ சிங்கப்பூருக்குள் வரும் பொருளின் மதிப்பு, அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்து 400 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டினால், எல்லையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி கேட்பார்கள். உங்கள் 1,800 ரிங்கிட் அதைத் தாண்டும். இதை வாடிக்கையாளரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். பார்சல் வந்த பிறகு அவரே தெரிந்துகொண்டால் கோபம் உங்கள் மேல்தான் வரும். மதிப்பைக் குறைத்து எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது பொய்க் கணக்கு. பார்சல் தொலைந்தால் குறைத்து எழுதிய மதிப்புக்கு மேல் நீங்கள் ஒரு காசும் கேட்க முடியாது.

தொலைவதுதான் இரண்டாவது கணக்கு. கூரியர் நிறுவனங்கள் தரும் அடிப்படை இழப்பீட்டுக்கு ஒரு பார்சலுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கும். மூன்று சேலையை ஒரே பார்சலில் கட்டினாலும் வரம்பு ஒன்றுதான், மூன்றாகப் பெருகாது. மலிவான பொருளுக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பட்டுக்குக் கூடுதல் காப்புறுதி எடுங்கள். சேர்த்து அனுப்புவதால் மிச்சமாகும் தபால் பணத்திலிருந்தே அதைக் கட்டிவிடலாம், வாடிக்கையாளரும் மறுக்க மாட்டார்.

கேள்வி: பெரிய இணையச் சந்தை ஒன்றில் கடை வைத்திருக்கிறேன். ஒரே ஆள் காலையில் ஓர் ஆர்டர், மாலையில் ஓர் ஆர்டர் போட்டுவிட்டு, ‘ஒரே பையில் போட்டு ஒரு தபால் செலவைத் திருப்பிக் கொடு’ என்கிறார். (வாசகர், தாப்பா)

பதில்: அந்த இரண்டு ஆர்டருக்கும் சந்தை இரண்டு தனி எண் கொடுத்திருக்கும். நீங்கள் ஒரே பையில் போட்டால் ஓர் எண் மட்டும் ஊர் போய்ச் சேரும். இன்னொன்று ‘அனுப்பப்படவில்லை’ என்று நின்று, உங்கள் கடைக்குத்தான் தண்டம் வரும். பையை அனுப்புவதற்கு முன்பாக இரண்டையும் ரத்து செய்யச் சொல்லி, இரண்டு பொருளையும் ஒரே கூடையில் போட்டு மறுபடி ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். ஒரே கடையிலிருந்து ஒரே தடவையில் எடுத்தால் எடையைச் சேர்த்துச் சந்தையே தபாலைக் கணக்கிட்டுவிடும். பை ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்றால், முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.